கழுத்துக்குக் கீழே பாவாயி

வேம்படியூர் அரண்மனையின் கொலுமண்டபத்தில் எட்டு எண்ணெய்ச் சாயப் படங்கள் வரிசையாகத் தொங்குகின்றன. முதல் ஏழில் ஏழு ஜமீன்தார்களும் ஏழு மீசைகளும். எட்டாவதில் மீசை இல்லை. அது நாமகிரி நாச்சியாருடையது. மண்டபத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் மீசைகளைச் சட்டை செய்யாமல் கடந்துபோய் எட்டாவது படத்தின் முன்னால் நின்றுவிடுவார்கள். "அடேயப்பா, என்ன தோரணை. இதுக்கெல்லாம் பொறவியிலயே ராஜகளை வேணுமுங்க" என்பார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தத் தோள் மிளகு மூட்டை சுமந்து அகன்ற தோள். அந்தக் கை மண்வெட்டி பிடித்த கை. கழுத்துக்கு மேலே இருப்பது மட்டும்தான் நாச்சியார். கழுத்துக்குக் கீழே இருப்பது அத்தனையும் கொல்லிமலையில் எங்கள் தேவனூர் நாட்டுப் பாவாயி. படத்தடியில் பித்தளைத் தகட்டில் பேர் வெட்டியவன் பாதிப் பேரைத்தான் வெட்டியிருக்கிறான். மீதியை நான் எழுதுகிறேன்.

மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. பாவாயி பிறந்தது பக்கத்து அரியூர் நாட்டில். தேவனூர் நாட்டு ராசுவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். ராசு நல்லவன், ஆனால் நோஞ்சான். மிளகைக் கீழ்நாட்டுச் சந்தைக்கு இறக்கும்போது அவள் மூட்டையைத் தூக்குவாள், அவன் குடையைத் தூக்குவான். அவன் வாழ்நாளில் செய்த ஒரே பெரிய காரியம், கல்யாணமான வருஷம் சாமைக்காட்டு ஓரத்தில் ஒரு பலாக்கொட்டையை ஊன்றியது. குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றியவள் பாவாயி. மரம் பெரிதாகிக் காய்த்துக் குலுங்கிய காலத்தில் ராசு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். பிள்ளைகள் இல்லை. சாமை தீர்ந்துபோகும் மாதங்களில் அவள் வயிற்றைக் கழுவியது அந்த மரத்தின் சுளையும் கொட்டையும்தான். அதைவிட, மரம் ராசுவின் கை பட்டது. அவள் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் காட்டுக்குப் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை அதைத் தொட்டுவிட்டுத்தான் நடப்பாள்.

அவளிடம் ஒரு வித்தை இருந்தது. அசையாமல் உட்காருவாள். காட்டுப்பன்றி வரும் தடத்தில் கல்லோடு கல்லாக உட்கார்ந்து, பன்றி பக்கத்தில் வந்ததும் ஒரே சத்தம் போட்டு அதை அடுத்த நாட்டுக்கு விரட்டுவாள். ஒருமுறை ஓர் ஓணான் அவள் தலையில் ஏறி வெயில் காய்ந்துவிட்டு இறங்கிப் போனதாம். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

ராசு போனதும் அவன் தம்பி சென்றாயன் மரத்தின் மேல் கண் வைத்தான். அவன் காடு பக்கத்துக் காடு. "சாயங்காலமானா மரத்தோட நெழல் எங்காட்டுல உழுகுதுங்க. நெழல் எங்க உழுகுதோ அந்தக் காட்டுக்காரனுக்குத்தானுங்க மரம்" என்று நாட்டார் காளியண்ணனிடம் வழக்கு வைத்தான். நாட்டார் என்றால் தேவனூர் நாட்டுக்கே தலைவர். மலையில் அவர் சொன்னதுதான் சட்டம்.

காலையில் நிழல் பாவாயியின் காட்டில்தான் விழுகிறது. இதைச் சொல்ல அவளுக்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் நாட்டார் சபையில் பெண்பிள்ளை வாய் திறக்கக் கூடாது, அவள் வீட்டு ஆண்பிள்ளைதான் அவளுக்காகப் பேச வேண்டும் என்பது வழக்கம். அவள் வீட்டு ஆண்பிள்ளை என்று மிச்சமிருந்தவன் சென்றாயன் ஒருவன்தான். ஆகவே இரண்டு பக்கத்துக்கும் அவனே பேசினான். இந்தப் பக்கம் நின்று தன் நியாயத்தைச் சொன்னான். பிறகு அந்தப் பக்கம் போய் நின்று, "பாவாயிக்குச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்றான். நாட்டார் இரண்டு தரப்பையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாக்கலாம்" என்றார். அந்தப் பாக்கலாம் இரண்டு வருஷம் ஓடியது. இரண்டு வருஷமும் பழத்தைப் பறித்தவன் சென்றாயன். மூன்று காய்ப்பைத் தொடர்ந்து பறித்தவனுக்கே மரம் சொந்தம் என்று நாட்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. மூன்றாவது காய்ப்பு 1926 வைகாசியில் பழுத்தது.

அதே வைகாசியில்தான் நாமகிரி நாச்சியார் டோலியில் மலையேறி வந்தார். அப்பா ஜமீன்தார் போன வருஷம் இறந்ததில் ஜமீன் அவர் தலையில் விழுந்திருந்தது. வயது இருபத்திரண்டு. உருவம் அவரைக்கொடி. குடியானவர்கள் இன்னும் அவரைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். வரும் நவராத்திரிக் கொலுவுக்குள் ஏழு மீசைகளுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய படத்தை மாட்டினால்தான் இந்தப் பாப்பா என்ற பேர் ஒழியும் என்று காரியஸ்தர் யோசனை சொல்லியிருந்தார். கீழே வெயிலில் சாயம் உருகுகிறது என்று ஓவியர் அருணாசலம் புகார் செய்ததால் ஜமீனின் மலை பங்களாவில் வைத்து எழுதுவதாக ஏற்பாடு. காரியஸ்தர் மட்டும் மலைக் காய்ச்சலுக்குப் பயந்து அடிவாரத்தோடு நின்றுகொண்டார். அவர் வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அருணாசலம் மெட்ராசில் படம் எழுதக் கற்றவர். பெரிய மனிதர்களை எழுதி எழுதி, தாமே பெரிய மனிதர் மாதிரி மூக்கால் பேசுவார். சிங்கமுகம் வைத்த நாற்காலியில் நாச்சியாரை உட்கார வைத்து, பெட்டியிலிருந்த பரம்பரை நகைகளைப் பூட்டினார்கள். எழுந்து நின்றதும் ஒட்டியாணம் இடுப்பில் நிற்காமல் நேரே காலடியில் விழுந்தது. தோளில் பூட்டிய வங்கிகள் முழங்கையைத் தாண்டி மணிக்கட்டுக்கு வந்தன. பழைய சரிகையின் தூசி மூக்கில் ஏறி நாச்சியாருக்குத் தும்மல் வந்தது. தும்மினால் சிரிப்பு வந்தது. சிரித்தால் நெற்றிச்சுட்டி கண்ணில் குத்தியது.

"அம்மா, சிரிக்கக் கூடாது. சிரித்த முகத்தைப் பார்த்தால் எவனும் வரி கட்டமாட்டான்" என்றார் அருணாசலம்.

மூன்று நாள் போயிற்று. படத்தில் நாற்காலி மட்டும் அழகாக வந்திருந்தது.

நான்காம் நாள் பாவாயி சமையலுக்கு ஒரு சுமை விறகு கொண்டுவந்தாள். போட்டுவிட்டு முற்றத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். ஒரு நாழிகைக்குப் பிறகு அருணாசலம் திரும்பிப் பார்த்தார். அவள் அப்படியே இருந்தாள். இன்னொரு நாழிகை கழித்துப் பார்த்தார். அப்போதும் அப்படியே. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாகச் சொல்வார்கள்.

"அம்மா, உடம்பை இந்தப் பெண்ணை வைத்து எழுதிவிடுகிறேன். முகத்தை மட்டும் கடைசியில் உங்களுடையதாகப் போட்டுக்கொள்ளலாம்" என்றார்.

நாச்சியாருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தன் கையாலேயே பாவாயிக்கு நகை பூட்டினார். ஒட்டியாணம் அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது. இதற்குக் கைம்மாறாக என்ன வேண்டும் என்று கேட்டார். பாவாயி மரத்தின் கதையைச் சொல்லி, "எனக்குப் பேசறதுக்கு ஆளில்லீங்க அம்மணி. நாட்டாருகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க" என்றாள்.

"இவ்வளவுதானா? இப்பவே போறேன்" என்றார் நாச்சியார். அப்படியே கிளம்பியும் விட்டார். பழைய நூல்சேலை, கையெல்லாம் பலாப்பால், தலையில் ஒரு துண்டு. தோட்டத்துக்குள் புகுந்து நாட்டார் வாசலில் போய் நின்று, "அந்த மரத்தைப் பாவாயிக்கே உட்டுருங்க" என்றார். காளியண்ணனுக்கு இவர்தான் ஜமீன்தாரிணி என்று தெரியாமலில்லை. அவர் மரியாதைக்காரர். எழுந்து நின்றார். சொம்பு நிறைய மோர் கொடுத்தார். "வெயில்ல வந்துட்டீங்களே கண்ணு. பாக்கலாமுங்க கண்ணு" என்று சொல்லிக் கையைத் துடைக்க ஒரு துணியும் கொடுத்து அனுப்பினார்.

நாச்சியார் திரும்பி வந்து பெட்டியை உதைத்தார். "என்னையக் கண்ணுங்கறாரு. வேம்படியூர் ஜமீன் முப்பத்தாறு ஊரு. கண்ணாம்."

பாவாயிக்கு இது எதிர்பார்த்ததுதான். ஒத்துக்கொண்ட வேலையைப் பாதியில் விடும் பழக்கம் அவளுக்கு இல்லை என்பதால் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

அருணாசலம் அவளுக்கு அதிகாரத்தைச் சொல்லிக்கொடுத்தார். அது அத்தனையும் உடம்பைப் பற்றிய வேலைதான் என்பது கேட்டுக்கொண்டிருந்த எல்லாருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. மோவாய் கொஞ்சம் மேலே. முதுகு நாற்காலியில் படக் கூடாது. சாய்ந்தால் களைப்பு தெரியும், களைத்தவர் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள். கால் பட்டு மெத்தை மேல் இருக்க வேண்டும், தரையில் நடக்கிற ஆள் என்று யாருக்கும் தோன்றக் கூடாது. பாவாயியின் பித்தவெடிப்பை மறைக்கப் புடவைத் தலைப்பையே இழுத்துவிட்டார்கள்.

"கை எதையும் பிடிக்கக் கூடாது. சிங்கத்தின் தலைமேல் சும்மா கிடக்கட்டும்" என்றார்.

"சும்மான்னா எப்படிங்க?"

பாவாயியின் விரல்கள் தம்பாட்டுக்குச் சாமையில் பொறுக்குவதுபோல் சிங்கத்தின் காதில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தன. அதை நிறுத்த அரை நாள் ஆயிற்று.

"பார்வைதான் முக்கியம். எதிரே நிற்கிறவன் முகத்தைப் பார்க்காதே. அவன் தலைக்கு மேலே ஒரு முழம் தள்ளிப் பார். அங்கே அவன் இல்லவே இல்லை என்று நினைத்துக்கொள்."

பாவாயி யோசித்தாள். "எங்க நாட்டாரு என்னையப் பாக்கறாரே, அப்படிங்களா?"

"யார் என்று தெரியாது. அப்படியே வைத்துக்கொள்" என்றார் அருணாசலம்.

அவளுக்குப் பார்வை உடனே வந்துவிட்டது. அதைத்தான் இன்றைக்கும் கொலுமண்டபத்தில் ராஜகளை என்கிறார்கள். கடைசியில் முகத்தை எழுதும்போது அருணாசலம் நாச்சியாரின் கண்ணைப் போட்டாரே தவிர, பார்வையை மாற்றவில்லை.

மற்ற சாமான்களும் ஒருவழியாகச் சேர்ந்தன. பங்களாவின் மரத்தூண் படத்தில் சலவைக்கல் ஆயிற்று. நாற்காலிக்குப் பின்னால் கட்டிய ஜமக்காளம் பட்டுத்திரை ஆயிற்று. காலடியில் ஒரு வேட்டைநாய் வேண்டும் என்றார். ஊர் நாய்கள் சாயத்தின் வாசனைக்கு ஓடிவிட்டதால் ஓர் ஆட்டைப் பிடித்துக் கட்டினார்கள். படத்தில் அது நாய்தான். உற்றுப் பார்த்தால் தாடி தெரியும்.

ஒன்பதாம் நாள் காலை, சரிகையில் வெயில் சரியாக விழும் நேரம். பாவாயி முழு அலங்காரத்தில் உட்கார்ந்திருந்தாள். நாச்சியார் ஜமக்காளத்துக்குப் பின்னால் ஒரு பலாப்பழத்தைப் பிரித்து வைத்து முழங்கை வரைக்கும் பாலோடு சுளை தின்றுகொண்டிருந்தார். வாசலில் காவல்காரர்கள் இருவரும் தூணுக்கு ஒருவராகச் சாய்ந்து தூங்கினார்கள்.

அப்போதுதான் நாட்டார் நால்வரோடு உள்ளே வந்தார். ஜமீன் மலைக்கு வந்து தங்கினால் நாட்டார் காணிக்கையோடு போய்க் காலில் விழுந்து கும்பிட வேண்டும் என்பது முறை. கொலுவில் உட்கார்ந்திருக்கும் பெண்ணரசியைத் தலை நிமிர்ந்து பார்ப்பது பெரிய குற்றம். பார்வை முழங்காலுக்கு மேலே ஏறக் கூடாது. அதனால் ஐந்து பேரும் வாசற்படியிலேயே தலையைக் குனிந்தார்கள். அவர்கள் கண்டது பட்டு மெத்தை, சரிகைக் கரை, சிங்கத்தின் நகம், ஒரு வேட்டைநாயின் குளம்பு. அடுத்த நொடி ஐந்து பேரும் நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தார்கள்.

பாவாயி அசையவில்லை. ஐந்து நாள் பழக்கம். அருணாசலம் தூரிகையைத் தூக்கியபடியே நின்றார். நாச்சியார் ஜமக்காளத்தின் ஓட்டை வழியாகப் பார்த்தார். வெளியே வரலாம் என்றால் கோலம் சரியில்லை. மோவாயிலிருந்து பால் வடிந்துகொண்டிருந்தது.

"தாயே, மெளகு ரெண்டு படி, தேன் ஒரு குடுவை, வாழைத்தார் ஒண்ணு, பலாப்பழம் ஒண்ணு" என்று தரையைப் பார்த்துச் சொன்னார் காளியண்ணன். "பழம் இந்தச் சென்றாயன் கொண்டாந்ததுங்க. அவன் காட்டோரத்து மரத்துல இந்த வருசத்து மொதப் பழமுங்க."

பாவாயியின் கண் அந்தப் பழத்துக்குப் போயிற்று. காம்போடும் இலைக்கொத்தோடும் இருந்தது. எந்த மரத்துப் பழம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது காய்ப்பு தொடங்கிவிட்டது. அவள் மோவாயை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டாள்.

உட்கார்ந்திருப்பவர் ஒரு வார்த்தை சொல்லாமல் கீழே கிடப்பவர்கள் எழக் கூடாது. பாவாயி வாயைத் திறக்கவில்லை. திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். நேரம் போயிற்று. ஐந்து பேரும் கிடந்தார்கள். ஆடு நிதானமாகக் கயிற்றின் நீளத்தை அளந்து பார்த்துவிட்டு, சென்றாயனின் தலைப்பாகையைத் தின்னத் தொடங்கியது. அவன் கிடந்தபடியே, "சூ" என்றான். யாருக்கும் கேட்காத சூ.

கடைசியில் ஜமக்காளத்துக்குள்ளிருந்து நாச்சியாரின் குரல் வந்தது. வாயில் இருந்த சுளையை அவசரமாக விழுங்கியதால் குரல் கொஞ்சம் கனத்திருந்தது. "நாட்டாரே."

"தாயே."

"மரத்தைப் பாவாயிக்கே உட்டுருங்க."

ஐந்து நாளுக்கு முன்னால் நாட்டார் வாசலில் நின்று இதே குரல் சொன்ன இதே வார்த்தை. அன்றைக்கு அதற்கு ஒரு சொம்பு மோர் கிடைத்தது. இன்றைக்குக் காளியண்ணனின் நெற்றி தரையில் சத்தமாக இடித்தது.

"உத்தரவுங்க தாயே. மரம் பாவாயிக்குத்தானுங்க."

எனக்கு இந்த இடத்தில் எப்போதும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வரும். நாச்சியாரின் வாயும் பாவாயியின் தோளும் தனித்தனியாக இருந்தவரை இரண்டுக்கும் மதிப்பில்லை. நடுவில் ஓர் ஒட்டியாணம் வேண்டியிருந்தது.

சென்றாயன் விடவில்லை. முகத்தைத் தரையில் வைத்துக்கொண்டே பேசினான். "நல்லதுங்க தாயே. ஆனா மரத்து எலைக்கொத்தைச் சபையில வாங்கறவங்க கையில குடுத்தாத்தானுங்க தீர்ப்பு நிக்கும். பாவாயி இங்க இல்லீங்களே. அவ எந்தக் காட்டுல கெடக்காளோ. நாளைக்கு மித்த பழத்தையெல்லாம் பறிக்க ஆளு சொல்லியாச்சுங்க."

காளியண்ணன் தயங்கினார். "முறை அதுதானுங்க தாயே. பாவாயியைக் கூப்படச் சொல்லுங்க. இன்னைக்கு வராட்டி, நாளைக்குப் பறிச்சா மூணு காய்ப்பு முடிஞ்சுபோகும். அப்புறம் நானே நெனச்சாலும் முடியாதுங்க."

ஜமக்காளம் அசைந்தது. நாச்சியாரின் கண் மறுபடி ஓட்டையில் வந்து நின்றது. அருணாசலம் கண்ணை மூடிக்கொண்டார்.

பாவாயிக்கு இரண்டு வழிதான் இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தால் நாச்சியாரின் மானம் தப்பும், மரம் போகும். எழுந்து நின்று நகையைக் கழற்றிவிட்டுக் கை நீட்டினால், அவள் மறுபடி வாய் திறக்கக் கூடாத பாவாயி ஆகிவிடுவாள். அவள் இரண்டையும் செய்யவில்லை. எழவும் இல்லை, குனியவும் இல்லை. சிங்கத்தின் தலையிலிருந்து வலது கையை எடுத்து, உள்ளங்கையை விரித்து முன்னால் நீட்டினாள்.

"குடுங்க" என்றாள். தன் சொந்தக் குரலில்.

காளியண்ணனுக்கு எதிரே ஒரு கை தெரிந்தது. விரல் நிறைய மோதிரம். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. அவர் அறியாமலே பார்வை மேலே ஏறியது. வளையல், வங்கி, ஒட்டியாணம், காசுமாலை, கழுத்து. அதற்கு மேலே பாவாயியின் முகம். அது அவரைப் பார்க்கவில்லை. அவர் தலைக்கு மேலே ஒரு முழம் தள்ளி, அங்கே அவர் இல்லவே இல்லாதது மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தது.

மற்ற நால்வரும் தரையைத் தவிர எதையும் காணவில்லை. சென்றாயன் மட்டும், "ஏனுங்க, எங்கண்ணன் பொண்டாட்டி கொரலாட்டம் இருக்குதுங்களே" என்று தலையைத் தூக்கப் பார்த்தான். காளியண்ணனின் கை அவன் பிடரியைப் பிடித்துத் தரையில் அழுத்தியது.

"குனிடா."

கூச்சல் போட்டிருக்கலாம். போட்டால், தேவனூர் நாட்டு நாட்டார் ஒரு விறகுக்காரியின் காலில் அரை நாழிகை விழுந்து கிடந்தார் என்று மலை முழுக்கச் சிரிப்பாய்ச் சிரிக்கும். அவர் அதற்காகத்தான் பேசாமல் இருந்தார் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படி முழுக்க நினைக்கவில்லை. அவர் மண்டியிட்டு எழுந்து, பழத்தின் காம்பிலிருந்து இலைக்கொத்தை ஒடித்து, இரண்டு கையாலும் அந்தக் கையில் வைத்தார்.

"வாங்கிக்குங்க தாயே" என்றார்.

பாவாயி விரல்களை மூடிக்கொண்டாள். கன்னத்தில் ஒரு சொட்டு இறங்கியது. மோவாய் இறங்கவில்லை. ஐந்து பேரும் குனிந்த தலையோடு முதுகைக் காட்டாமல் பின்னாலேயே நடந்து வாசலைத் தாண்டினார்கள்.

வழியில் சென்றாயன், பாதித் தலைப்பாகையோடு, கேட்டுக்கொண்டே வந்தான். தீர்ப்பு எப்படிச் செல்லும், வாங்க வேண்டியவள் வரவே இல்லையே, இது முறையா, நாளைக்கு ஆள் வருகிறார்களே என்று. காளியண்ணன் காட்டோரம் வந்ததும் அந்த மரத்தடியில் நின்றார். மரம் நிறையப் பழம் தொங்கியது. அவர் துண்டால் நெற்றியில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார்.

"வந்தாடா. இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் நான் அவளப் பாத்தேன்."